ஆல்வினின் இடது கை

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்றும் கேட்கவில்லை.

ஆராதனை முடிந்து கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது எபனேசர் சார் வந்து நின்றார். எங்கள் பாடகர் குழுவை நடத்துபவர். முப்பது வருடம் பள்ளியில் கணக்கு நடத்தியவர் என்பதால் எதைச் சொன்னாலும் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரியே சொல்வார்.

"பெர்சிஸ், கிறிஸ்மஸ் கேரல் ஆராதனைக்கு மேடையில ஆள் ஜாஸ்தி. நாசரேத்துல இருந்து வயலினுக்கு நாலு பேர் வாராங்க. பேஸ் இருந்தாலும் இல்லாட்டாலும் ஒண்ணுபோலத்தான் கேக்குது. நான் உனக்கு எங்க எடம் ஒதுக்க?"

"கிட்டார்ல ஒரு கோளாறு சார். சரி பண்ணிருதேன்."

"டிசம்பருக்குள்ள பண்ணு. இல்லன்னா ஆல்டோல நின்னு பாடு. அங்க ஆள் கம்மி."

பெண்களின் கீழ்க்குரல் வரிசையான ஆல்டோவில் நிற்பதற்கா நான்கு வருடமாக விரல் நுனியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்?

ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. என் காலடியில் ஒரு மானிட்டர் பெட்டி இருக்கிறது. அதில் எனக்கு நான் வாசிப்பது நன்றாகவே கேட்கிறது. வீட்டில் கிட்டாரைச் செருகி வாசிக்கும் சின்ன ஆம்ப் பெட்டியிலும் கேட்கிறது. கோவிலுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் கேட்பதில்லை. அம்மாவிடம் கேட்டால், "எனக்கென்னட்டி தெரியும், எல்லாம் சேந்துதான கேக்குது" என்கிறாள். மற்றவர்களின் கருவிகளெல்லாம் கேட்கின்றன. ஆகவே குறை என் கருவியில்தான்.

பேஸ் கிட்டார் இருக்கும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை. இல்லாதபோது பாட்டு எலும்பில்லாமல் நிற்கும். இதை ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை அன்று நடந்ததைப் பற்றி எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் பதினெட்டு உப்பு மாதிரிகள். ஈரப்பதம், கால்சியம், மெக்னீசியம். மழைக்கு முன்னால் வாருகிற கடைசி உப்பு என்பதால் எல்லோரும் அவசரப்படுகிறார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மூன்றை மாற்றிவிட்டு விடை மாறினால், எது மாற்றியது என்று கடைசிவரை தெரியாது. கிட்டாரையும் அப்படியே பார்க்கப்போகிறேன். முதலில் கம்பிகள். தூத்துக்குடிக் காற்றில் எந்தக் கம்பியும் மூன்று வாரம் தாங்காது. கடல் உப்பு பூத்து, துருவேறி, ஒலி மந்தமாகிவிடும். தடித்த கம்பியை விரலால் தடவினால் பழுப்பாக ஒட்டுகிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

புதுக் கம்பிகள். வீட்டில் மணி மாதிரி ஒலித்தன. கோவிலில் ஒன்றுமில்லை.

"கேட்டுச்சா?" என்று ஆல்வினிடம் கேட்டேன். எனக்கு அடுத்து உட்கார்ந்து கீபோர்டு வாசிப்பவன். சண்டே ஸ்கூலிலிருந்து தெரியும். துறைமுகத்தில் வேலை.

"லேசா கேட்டுச்சு" என்றான்.

லேசாக என்றால் முன்னேற்றம். கிட்டார் பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு என் வண்டிவரை வந்தான். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. நீலக் கட்டம் போட்ட சட்டை. இதை ஏன் எழுதுகிறேன்?

செப்டம்பர் 28, சனி

இன்று பிக்கப்பை உயர்த்தினேன். கம்பிக்கு அடியில் உடலில் பதித்திருக்கும் காந்தக் கட்டை அது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குவது அதுதான். கம்பிக்கு நெருக்கமாக இருந்தால் சத்தம் கூடும் என்று கணக்குப் போட்டு இரண்டு திருகுகளையும் ஏற்றினேன்.

கூடியது. கூடவே ஒரு கோணலும் வந்தது. காந்தம் மிக அருகில் வந்தால் கம்பியைப் பிடித்து இழுக்கும், சுரம் தடுமாறும். தடித்த கம்பியில் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தால் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போல் நெளிந்தது. ஒரு மணி நேரம் கால் திருப்பு ஏற்றி, அரைத் திருப்பு இறக்கி, கடைசியில் முதலில் எங்கே இருந்ததோ அதற்கு ஒரு மயிரிழை மேலே வைத்தேன்.

மாலையில் ஒத்திகை. சனிக்கிழமை ஒத்திகை குரல்களுக்கு மட்டும். கீபோர்டு மட்டும்தான் இருக்கும். நான் போய் ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். ஆல்வின் வாசிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிறான்.

செப்டம்பர் 29, ஞாயிறு

"லேசா கேட்டுச்சு."

அதே சொல். அதே அளவு.

அக்டோபர் 6, ஞாயிறு

காலை ஆராதனை வழக்கம்போல். மத்தியானம் முழுவதும் கிட்டாரின் வயிற்றைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தேன். ஒயர்கள் போகும் குழிக்குள் செப்புத்தாள் ஒட்டினால் வெளி இரைச்சல் குறையும், ஒலி தெளியும் என்று படித்திருந்தேன். செப்புத்தாளின் ஓரம் பிளேடு மாதிரி. இரண்டு விரலில் வெட்டு.

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, நல்லா இருந்த சாமான இப்பிடி அறுத்துப் போட்டிருக்கியே, திரும்ப மாட்டத் தெரியுமா?"

"தெரியும்மா."

"ஆல்வினோட அம்மா போன் பண்ணுனா. சும்மா விசாரிச்சா. உன்னப் பத்தி."

செப்புத்தாள் மூலைகளில் மடிய மறுக்கிறது. சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி ஒட்ட வேண்டும்.

"கேக்கியா? நான் என்ன சொல்லட்டும்?"

"கேரல் முடியட்டும்மா."

ஈயம் வைத்து ஒயரைப் பற்றவைத்தபோது இடம் தவறியது. இரண்டு முறை இளக்கி மறுபடி வைத்தேன்.

அக்டோபர் 12, சனி

வேறு வழி தெரியவில்லை. கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இரண்டாவது பிக்கப் ஒன்று பதிப்பது என்று முடிவு செய்தேன். அங்கே கம்பி இறுக்கமாக இருப்பதால் ஒலி கூர்மையாக, கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வரும். ஆனால் அதற்குக் கிட்டாரின் மரத்தைக் குடைய வேண்டும். குடைந்தால் குடைந்ததுதான்.

தச்சர் இசக்கிமுத்து கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகைத் தட்டிப் பார்த்தார்.

"எங்க பழுதும்மா?"

"பழுதில்லண்ணே. சத்தம் வெளிய வரமாட்டேங்குது."

"வாசிச்சுக் காட்டுங்க, கேப்போம்."

சின்ன ஆம்பைக் கொண்டுபோயிருந்தேன். செருகி, தடித்த கம்பியை இரண்டு தட்டுத் தட்டினேன். அவருடைய பட்டறை மேசையில் ஒரு தகர டப்பாவில் ஆணிகள் இருந்தன. அவை கலகலவென்று ஆடின.

இசக்கிமுத்து டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆணியே ஆடுது. இதுக்கு மேல என்ன சத்தம் வேணும் உங்களுக்கு?"

"கோவில் பெருசுண்ணே. கூட்டம் இருக்கும்."

"நல்ல மரம்மா. வெட்டவா?"

"வெட்டுங்க."

பென்சிலால் கோடு போட்டுக்கொடுத்தேன். மரத்தூள் பறந்தபோது வெளியே போய் நின்றுகொண்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

கேட்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

ஞாயிறு முழுவதும் மெஞ்ஞானபுரத்தில். சித்தி மகள் கல்யாணம் திங்கள்கிழமை. எல்லோரும் அடுத்தது நீதானே என்று கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே சிரிப்பைக் கொடுத்துச் சமாளித்தேன். இரண்டு நாள் கிட்டாரைத் தொடவில்லை. விரல் நுனித் தோல் இளகி உரிகிறது.

அக்டோபர் 27, ஞாயிறு

கேட்டது! கேட்டது, கேட்டது.

அம்மாவிடம் போனைக் கொடுத்து, பதிவு செய்யச் சொல்லி பெஞ்சில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து ஹெட்போன் மாட்டிக் கேட்டால், பாட்டுக்கு அடியில், ஆழத்தில், பேஸ் இருக்கிறது. நன்றாக இருக்கிறது. புதுப் பிக்கப்தான். மரத்தைக் குடைந்தது வீண்போகவில்லை. இசக்கிமுத்து அண்ணனுக்கு ஒரு கும்பிடு.

மதியம் மீன் குழம்பை இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டேன். அம்மா உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

மாலையில் மறுபடி கேட்டேன். ஒரு சின்ன விஷயம். கீர்த்தனையின் மூன்றாவது சரணத்தில் பெண்குரல்கள் மட்டும் பாடும் இடத்தில் நான் வாசிப்பதில்லை. கையைக் கம்பி மேல் வைத்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பதிவில் அந்த இடத்திலும் பேஸ் போய்க்கொண்டிருக்கிறது.

எதிரொலியாக இருக்கும். கூரை உயரம்.

நவம்பர் 2, சனி

ஒத்திகைக்குப் பிறகு எபனேசர் சாரிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"இதுல என்ன?"

"பேஸ் கேக்குது பாருங்க சார்."

"இது எப்பவும் கேக்குறதுதானம்மா. நீ கல்யாணத்துக்குப் போயிருந்தியே ஒரு வாரம், அன்னைக்கும் இப்பிடியேதான் கேட்டுச்சு. அதத்தான நான் சொல்லுதேன்? நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான்."

ஹெட்போனைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். அந்த மனிதருக்குக் காது மந்தம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வீடு வந்தேன். காது மந்தமானவர் ஆல்டோவில் யார் சுதி குறைகிறார் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாரா என்ற கேள்வி வழியிலேயே வந்துவிட்டது. பதில் எழுத விருப்பமில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

மழை. ஈரத்தில் கிட்டாரின் கழுத்து முன்பக்கம் வளைந்து, கம்பிகள் உயர்ந்துவிட்டன. அழுத்தினால் விரல் வலிக்கிறது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைச் சாவி போட்டுக் கால் திருப்பு இறுக்கினேன். மரம் உடனே கேட்காது, ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு இன்னும் இறுக்கினால் உள்ளேயே முறிந்துவிடும்.

கோவிலில் வழக்கம்போல். ஆல்வினிடம் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே, "இன்னைக்கு நல்லா இருந்துச்சு" என்றான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

நவம்பர் 20, புதன்

உப்பளங்கள் தண்ணீருக்குள். மாதிரிகள் வருவதில்லை. பழைய நாவல் ஒன்றைச் சோதனைக் குழாய்களுக்கு நடுவில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். நூறு பக்கம் வந்தும் கதாநாயகிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அவள் மேல் எரிச்சலாக வந்தது, இவ்வளவு படித்தவளுக்கு இது புரியவில்லையா என்று.

மாலையில் புது மருந்துப் புட்டி திறந்ததால் பிளாங்க் போட்டேன். உப்பே போடாமல், வெறும் காய்ச்சி வடித்த நீரை வைத்து முழுச் சோதனையையும் செய்வது. எதுவும் இல்லாதபோது என்ன அளவு காட்டுகிறது என்று தெரிந்தால்தான், இருக்கும்போது காட்டுகிற அளவை நம்பலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம்.

பியூரெட் குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு மாதமாகக் கம்பி, காந்தம், செப்பு, மரம், கழுத்து என்று எல்லாவற்றையும் சோதித்தவள், ஒரே ஒரு பிளாங்க் போடவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

காணிக்கைப் பாட்டு. இரண்டாவது சரணம் தொடங்கியதும் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

காலடி மானிட்டர் செத்துப்போனது. ஆனால் கோவிலில் பேஸ் நிற்கவில்லை. என் கைகள் மடியில் இருக்க, பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து அது ஒழுங்காக, ஒரு சுரம் பிசகாமல், நான் அடுத்து வாசிக்கவேண்டியதையெல்லாம் வாசித்துக்கொண்டே போனது. நான் இறந்தபிறகு உலகம் எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து பார்ப்பது போலிருந்தது.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆல்வின் பார்த்தான். அவன் பார்த்ததும் நான் அவன் இடது கையைப் பார்த்தேன். கீபோர்டின் இடது ஓரத்தில், சுண்டுவிரலும் கட்டைவிரலும் விரிந்து, கனமான சுரங்களின் மேல் நடந்துகொண்டிருந்தது. எத்தனை வருடமாகப் பார்க்கிற கை. கீபோர்டுக்காரர்களின் இடது கை அங்கேதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் நேராக மிக்சரிடம் போனேன். ஒலிபெருக்கி பார்த்துக்கொள்ளும் ஜெயசிங் அண்ணாச்சி மைக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வரிசையாகத் தள்ளுபொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே வெள்ளைத் தாளில் பெயர். ஏழாவதில் 'பேஸ்' என்று எழுதியிருந்தது. அதன் பொத்தான் அடிமட்டத்தில் கிடந்தது. தவறிப்போய் யார் கையும் பட்டு ஏறிவிடாமல் இருக்க அதன் மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது. டேப்பின் ஓரங்களில் அழுக்குக் கோடு.

"அண்ணாச்சி, இது என்ன?"

"அதாம்மா… உனக்குத் தெரியும்லா?"

"எனக்கு மானிட்டர்ல கேக்குதே."

"மானிட்டர் தனி வழி. அது இந்தப் பொத்தானுக்கு மேல இருந்தே பிரிஞ்சு போயிரும். இது சபைக்கு." அவர் மைக்கைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஆல்வின் தம்பிதான் அசனம் முடிஞ்ச மறுவாரம் வந்து சொல்லிச்சு. கொஞ்ச நாளைக்குன்னு. பொறவு ஒண்ணும் சொல்லல. உங்கிட்டச் சொல்லிருக்கும்னு நெனச்சேன்."

செப்டம்பர் எட்டு முதல் இன்றுவரை. மெஞ்ஞானபுரத்தில் இருந்த ஒரு ஞாயிறு போக, பதினோரு ஞாயிறு.

நவம்பர் 25, திங்கள்

எழுதிவிடுகிறேன். அசனப் பண்டிகை அன்று ஒரு பாட்டுக்காகத் தடித்த கம்பியை ஒரு முழுச் சுரம் இறக்கிச் சுதி சேர்த்திருந்தேன். மயிர் எழுந்து நிற்கிற மாதிரி ஓர் ஆழம் கிடைக்கும். அந்தப் பாட்டு நன்றாக வந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே அடுத்த பாட்டுக்குப் போனேன், கம்பியைத் திரும்ப ஏற்ற மறந்து. அந்தக் கம்பியில் நான் தொட்ட ஒவ்வொரு சுரமும் ஒரு படி கீழே விழுந்தது. நான்கு சரணம். அசனச் சாப்பாட்டுக்காக வெளியூரிலிருந்து வந்தவர்களோடு கோவில் நிறைந்திருந்தது. நான் விரலைச் சந்தேகப்பட்டேன், கம்பியைச் சந்தேகப்படவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது.

ஆக, என்னை அடைத்து வைக்க ஒரு காரணம் இருந்தது. ஒரு பாட்டு அளவுக்கு.

நவம்பர் 27, புதன்

வேலை முடிந்து கோவில் வளாகத்துக்கு ஆல்வினை வரச் சொன்னேன். வேப்பமரத்தடியில் நின்றோம். மழை விட்டிருந்தது, இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரு செய்யச் சொன்னா?"

"யாரும் சொல்லல. சார் அன்னைக்கு உன்ன நிறுத்திருவோம்னாரு. நான்தான், வேண்டாம் சார், நான் பாத்துக்கிடுதேன்னேன். உன் எடம் போயிரக் கூடாதுன்னு."

"என் எடத்துல என்ன இருந்துச்சு ஆல்வின்? ஒரு நாற்காலி."

"ரெண்டு வாரத்துல தொறந்துரலாம்னுதான் நெனச்சேன். பொறவு எப்பிடிச் சொல்லுததுன்னு தெரியல. சொன்னா நீ வருத்தப்படுவ."

"இந்த மூணு மாசமா நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்? கம்பி மாத்துனேன். செப்புத்தாள் ஒட்டி விரல அறுத்துக்கிட்டேன். நல்ல மரத்த வெட்டுனேன். அதப் பக்கத்துல உக்காந்து பாத்த. ஒவ்வொரு வாரமும் உங்கிட்டதான் கேட்டேன். என்ன சொன்ன?"

அவன் செருப்பால் ஈர இலையைத் தள்ளினான்.

"சொல்லு. என்ன சொன்ன?"

"லேசா கேட்டுச்சுன்னேன்."

அவனே மறுபடி, "நீ இப்பம் நல்லா வாசிக்க பெர்சிஸ். முன்னவிட ரொம்ப" என்றான்.

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"உன் மானிட்டர் எனக்கும் கேக்கும்லா. பக்கத்துலதான உக்காந்திருக்கேன்."

அப்படியானால் பதினோரு வாரமும் என்னைக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கோபம் வந்தது என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 30, சனி

ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றினேன். பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பைக் கழற்றினேன். அதன் கூர்மை ஆழத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது, எனக்கே பிடிக்கவில்லை. முதல் பிக்கப்பைப் பழைய உயரத்துக்கு இறக்கினேன். செப்புத்தாள் இருக்கட்டும். சுதி சேர்த்தேன். தடித்த கம்பியை மூன்று தடவை சரிபார்த்தேன்.

குழியை மூட முடியாது. ஆய்வகத்தில் உப்பு மாதிரி வரும் டப்பாவின் வெள்ளை மூடியை வெட்டி, இரண்டு திருகு போட்டு மூடினேன். பாதி எழுத்து தெரிகிறது: 'மாதிரி எண்'. அதற்குப் பின்னால் வெற்றிடம்.

டிசம்பர் 7, சனி

எபனேசர் சாரிடம் சொன்னேன். ஆல்வினும் கூட நின்றான்; அவனை நான் கூப்பிடவில்லை.

சார் கையிலிருந்த பாட்டுத்தாளை மடித்தார். பிறகு ஆல்வினைப் பார்த்து, "அப்ப நான் மூணு மாசமா யாரத் திட்டிட்டு இருந்தேன்?" என்றார்.

"சார், நான்…"

"நீ பேசாத. ஏம்மா, அடுத்த சனிக்கிழமை கோவில்ல முழு ஒத்திகை. எல்லா வாத்தியமும், மிக்சர் போட்டு. ஜெயசிங்கு பொத்தானத் தொறக்கட்டும். நான் கடைசி வரிசையில உக்காந்து கேக்கேன். தப்பா வந்துச்சுன்னா ஆல்டோ. அசனத்தன்னைக்குப் பட்டது எனக்கு இன்னும் காதுல இருக்கு."

"சரி சார்."

"பாவம் பாத்து ஒண்ணும் எடம் தரமாட்டேன்."

"வேண்டாம் சார்."

டிசம்பர் 10, செவ்வாய்

ஒரே கேரலை நாற்பது தடவை. இரண்டாவது வரியில் ஒரு தாவல் இருக்கிறது, நான் எப்போதும் கொஞ்சம் பிந்திப்போய்ச் சேருகிறேன். பிந்துகிறேனா அல்லது என் பயமா? சின்ன ஆம்பில் தெரிவதில்லை. அம்மா, "அந்த ஒரே பாட்டயே எத்தன தடவ" என்று கதவைச் சாத்தினாள். அவளுக்குக் கதவுக்கு அப்பாலும் கேட்கிறது.

டிசம்பர் 14, சனி

ஜெயசிங் அண்ணாச்சி டேப்பைக் கிழித்த சத்தம் மேடைவரை கேட்டது. பொத்தானுக்கடியில் தூசி, வாயால் ஊதினார்.

வயலின்காரர்கள் நான்கு பேரும் வந்திருந்தார்கள். எனக்கு நாற்காலி போட இடமில்லை. தூணை ஒட்டி நின்றுகொண்டேன். தொடங்குவதற்கு முன் ஆல்வின் பக்கம் குனிந்தேன்.

"இடது கைய மடியில வச்சுக்கோ."

வைத்துக்கொண்டான். பாட்டு முழுவதும். பழக்கதோஷத்தில் இரண்டு தடவை அந்தக் கை எழும்பியது. அவனே பிடித்து இறக்கியதைப் பார்த்தேன். ஒற்றைக் கையால் வாசிக்கும்போது அவன் உதட்டைக் கடிக்கவில்லை, ஏதோ பரீட்சை எழுதுகிறவன் மாதிரி வியர்த்தான்.

முதல் சுரத்தை அழுத்தியபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. மூன்று மாதமாகக் காலடியில் மட்டும் கேட்டுப் பழகிய ஒன்று திடீரென்று சுவர்களிலிருந்தெல்லாம் வந்தது. பயத்தில் விரல் நழுவப் பார்த்தது. நழுவவில்லை. நான்கு கேரல்.

பாட்டுகள் முடிந்தன. எபனேசர் சார் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, நடுப்பாதையில் நடந்து, மேடைவரை வந்தார்.

"ரெண்டாவது பாட்டுல ரெண்டாவது வரி. அந்தத் தாவல் இருக்குல்லா, அங்க பிந்துத. ரெண்டு தடவயும் பிந்துன. அடுத்த வாரத்துக்குள்ள சரி பண்ணு."

அவ்வளவுதான். திரும்பி வயலின்காரர்களைத் திட்டப் போய்விட்டார்.

பிந்துகிறேன். கடைசி வரிசைவரை கேட்டிருக்கிறது. தூணில் சாய்ந்து நின்றேன்; சிரிப்பை மறைக்கக் குனிந்து சுதி சரிபார்ப்பதுபோல் பாவனை செய்தேன். சுதி சரியாகத்தான் இருந்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

கேரல் ஆராதனை முடிந்தது. தாவலில் பிந்தவில்லை. நான்காவது பாட்டில் ஒரு இடத்தில் சறுக்கினேன். சார் திரும்பிப் பார்த்தார்.

ஆல்வின் பெட்டியைத் தூக்க வந்தான். நானே தூக்கிக்கொண்டேன்.

ஆட்டோவில் வரும்போது அம்மா கேட்டாள். "அவங்க வீட்டுல மறுபடி கேட்டாங்க. கேரல் முடியட்டும்ன. முடிஞ்சுட்டு. நான் என்னட்டி சொல்ல?"

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்மா. அவன்கிட்ட நானே பேசிக்கிடுதேன்."

"என்னன்னு பேசுவ?"

"இன்னும் தெரியல."

அது உண்மை. அம்மா வெளியே விளக்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக என் முழங்காலைத் தட்டினாள்.

"ஏட்டி, சொல்ல மறந்துட்டேன். இன்னைக்கு பாட்டு நடக்கும்போது பெஞ்சு அதிர்ந்துச்சு. பக்கத்துல பொன்மணி டீச்சர் எழும்பி நின்னு கீழ பாக்கா. வெளிய உப்பு லாரி போவுதுன்னு நெனச்சோம்."

ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தத் தெருவில் லாரி விடுவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கம்பிகளைத் துணியால் துடைத்து வைத்தேன். உப்புக் காற்று.